எடைமேடை கணினிகளுக்கு மட்டும் டொமைன் பாலிசி போய்ச் சேரவில்லை: பிளாக் இன்ஹெரிட்டன்ஸை எடுக்கலாமா?

#1 | கடைமடை | தஞ்சாவூர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள். தை பிறந்துவிட்டால் சம்பா நெல் லாரிகள் வர ஆரம்பித்துவிடும். அதற்குள் இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

நான் பார்ப்பது ஓர் அரிசி ஆலைக் குழுமம். தஞ்சாவூரில் தலைமை அலுவலகம். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி மூன்று ஊர்களில் ஆலை. நாகப்பட்டினத்தில் ஒரு கிடங்கு. மொத்தம் 140 கணினிகள், ஒரே டொமைன் (ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் விண்டோஸ் கணினிக் குழு). எனக்கு முன்னால் இருந்தவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனில் இருக்கும் கணினிகள், பயனர் கணக்குகளின் பதிவேடு) அமைப்பு இப்படி: டொமைனுக்குக் கீழே 'ஆலைகள்' என்று ஒரு ஓயூ (கணினிகளையோ கணக்குகளையோ தொகுத்து வைக்கும் பிரிவு). அதற்குள் ஊருக்கு ஒன்று. ஒவ்வோர் ஊருக்குள்ளும் 'அலுவலகம்', 'எடைமேடை' என்று இரண்டு. பணியாளர் கணக்குகள் எல்லாம் தனியாக இன்னொரு ஓயூவில் இருக்கின்றன.

இரண்டு மாதத்துக்கு முன்பு டொமைன் மட்டத்தில் ஒரு ஜிபிஓ (குரூப் பாலிசி அமைப்புகளின் தொகுப்பு) போட்டேன். பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எதுவும் எந்தக் கணினியிலும் திறக்கக் கூடாது என்பது அதன் வேலை. அலுவலகத்தில் நானே செருகிப் பார்த்தேன், திறக்கவில்லை. எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் மன்னார்குடி எடைமேடையில் யாரோ பென் டிரைவ் செருகியிருக்கிறார்கள். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. நேரில் போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, சுத்தம் செய்து முடிக்க இரவு பதினொன்று. அப்புறம்தான் பாலிசி கன்சோலைத் திறந்து ஒவ்வொரு ஓயூவாகப் பார்த்தேன். மூன்று ஊர் எடைமேடை ஓயூ மேலும் நீல வட்டத்துக்குள் வெள்ளை ஆச்சரியக்குறி இருக்கிறது. மூன்றிலும் பிளாக் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது மேலிருந்து வரும் பாலிசிகளைத் தடுக்கும் அமைப்பு, போட்டிருக்கிறார்கள்.

எடைமேடையில் இருக்கும் அண்ணனிடம் கேட்டேன். "மூணு வருஷம் முன்னாடி குறுவை அறுப்பு நேரம். திடீர்னு எடை திரையில வரல. லாரி வரிசை மெயின் ரோடு வரைக்கும் நின்னுச்சு. அப்ப இருந்த சார் தஞ்சாவூர்ல இருந்தே ஏதோ பண்ணாரு, வந்துருச்சு" என்றார். அந்த 'ஏதோ' இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் மூன்று வருடமாக ஃபயர்வால், எஸ்எம்பி1 (பழைய, பாதுகாப்பில்லாத கோப்புப் பகிர்வு முறை) நிறுத்தியது, அப்டேட் அமைப்பு எதுவுமே அந்த மூன்று கணினிகளுக்குப் போகவில்லை. தடையை எடுத்தால் மறுபடி எடை நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

#2 | வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

தம்பி, இன்றைக்கு எதையும் எடுக்காதீர்கள். முதலில் இருக்கிற நிலையைப் பதிவு செய்யுங்கள். எல்லா ஜிபிஓவையும் பேக்கப் எடுங்கள். பவர்ஷெல்லில் கெட்-ஜிபிஇன்ஹெரிட்டன்ஸ் கட்டளையை ஓட்டினால் எந்த ஓயூவில் தடை இருக்கிறது, எந்த ஜிபிஓ எந்த வரிசையில் வருகிறது என்று காட்டும். மூன்று ஓயூ என்று கண்ணால் பார்த்ததை நம்பாதீர்கள். நான்காவது எங்கேயாவது இருக்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக அடிப்படையையும் சொல்லிவிடுகிறேன். பாலிசி நான்கு படியாக வரும்: முதலில் அந்தக் கணினியிலேயே இருப்பது, அடுத்து சைட் (கணினி இருக்கும் நெட்வொர்க் இடம்), அடுத்து டொமைன், கடைசியில் ஓயூ. ஓயூவுக்குள் ஓயூ இருந்தால் மேலிருந்து கீழே. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இதே வரிசைதான். ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் கடைசியாக வந்தது நிற்கும். வேறு வேறு அமைப்பாக இருந்தால் எல்லாம் சேர்ந்து நிற்கும்.

பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் என்பது வாய்க்கால் தலைப்பில் மதகை முழுசாக இறக்கிவிடுவது மாதிரி. வேண்டாத தண்ணீர் மட்டும் நிற்காது, மொத்தமும் நிற்கும். அன்றைக்கு இருந்த பாலிசியை மட்டுமில்லை, மூன்று வருடம் கழித்து நீங்கள் போட்ட பென் டிரைவ் தடையையும் அது நிறுத்தியிருக்கிறது. என் வயிற்றைக் கலக்குவது அதுதான். போட்டவருக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணம் என்னவென்று அந்த நீல வட்டம் சொல்லாது.

#3 | மதகடி | மயிலாடுதுறை

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? டொமைனில் இருக்கும் பென் டிரைவ் ஜிபிஓ லிங்க்கில் ரைட் கிளிக் செய்து என்ஃபோர்ஸ்டு போடுங்கள். கீழே தடை இருந்தாலும் அதை மீறிப் போய்விடும். ஐந்து நிமிட வேலை. நான் எங்கள் இடத்தில் ஃபயர்வால், எஸ்எம்பி1, யுஎஸ்பி எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

#4 | வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

மதகடி சொல்வது வேலை செய்யும். என்ஃபோர்ஸ்டு, தடையை மீறும். இரண்டு என்ஃபோர்ஸ்டு மோதினால் மேலே இருப்பது ஜெயிக்கும். சாதாரண வரிசைக்கு நேர் எதிர். இன்றிரவுக்குள் பென் டிரைவை மட்டும் அடைக்க வேண்டுமென்றால் அந்த ஒரு ஜிபிஓவுக்கு அதைச் செய்துகொள்ளுங்கள், தப்பில்லை.

ஆனால் அதோடு விட்டால் கீழே ஒரு தடை, மேலே அதை மீறும் ஒரு கட்டாயம் என்று இரண்டு தவறு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். நாளைக்கு ஒரு கணினிக்கு உண்மையிலேயே ஒரு விலக்கு தேவைப்பட்டால் கொடுக்க வழி இருக்காது. என்ஃபோர்ஸ்டு ஜிபிஓ முழுவதுக்கும் பொருந்தும். அதில் நாற்பது அமைப்பு இருந்தால் நாற்பதும் கட்டாயம்.

காஸ்பர்ஸ்கை ஆன்டிவைரஸ் கன்சோல் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒவ்வொரு அமைப்புக்கும் பக்கத்தில் ஒரு பூட்டு இருக்கும். பூட்டினால் கீழ்க்குழு மாற்ற முடியாது, திறந்து விட்டால் மாற்றிக்கொள்ளலாம். குரூப் பாலிசியில் அப்படி ஒவ்வோர் அமைப்புக்கும் பூட்டு கிடையாது. அதனால்தான் கட்டாயமாக்க வேண்டியதைச் சின்னச் சின்ன ஜிபிஓவாகப் பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

#5 | உப்பளம் | வேதாரண்யம்

மதகு உவமையில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் நிஜமாகவே கடைமடை. மேட்டூரில் திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து, எங்கள் ஊர் வருவதற்குள் தண்ணீர் எப்படி இளைத்துப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆற்றில் தலைமடைக்காரர் கைதான் ஓங்கும். அவர் எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு.

குரூப் பாலிசியில் அது தலைகீழ். கடைசியில் இருக்கும் ஓயூ சொல்வதுதான் நிற்கும், மேலே சொன்னதை அது மாற்றிவிடும். என்ஃபோர்ஸ்டு போட்டால்தான் ஆற்று நியாயம் வரும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு 'டொமைனில் போட்டுவிட்டேன், அதுதான் பெரியது' என்று நம்பித்தான் நானும் ஆரம்பத்தில் தடுமாறினேன்.

#6 | கடைமடை | தஞ்சாவூர்

நன்றி அண்ணே, நன்றி உப்பளம் சார். நீங்கள் சொன்னது சரி, நான்காவதும் இருந்தது! நாகப்பட்டினம் கிடங்கில் 'பழையது' என்று ஓர் ஓயூ. உள்ளே இரண்டு கணினிகள், இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பென் டிரைவ் ஜிபிஓவை மட்டும் இப்போதைக்கு என்ஃபோர்ஸ்டு போட்டுவிட்டேன். நாலு ஓயூவிலும் ஜிபிரிசல்ட் (எந்தப் பாலிசி வந்திருக்கிறது என்று காட்டும் கட்டளை) அறிக்கை எடுத்து, வந்து சேர்ந்ததை உறுதி செய்தேன்.

ஒரு சந்தேகம். எடைமேடை கணினியில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் திரை பூட்டிக்கொள்கிறது. அதுவும் டொமைன் பாலிசிதான். தடை இருந்தும் அது மட்டும் எப்படி வந்தது? அதைப் பார்த்துத்தான் பாலிசி எல்லாம் வருகிறது என்று இத்தனை நாள் ஏமாந்தேன்.

#7 | வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

ஸ்கிரீன் சேவர் பூட்டு பயனருக்கான அமைப்பு. உங்கள் பணியாளர் கணக்குகள் வேறு ஓயூவில் இருக்கின்றன, அங்கே தடை இல்லை. கணினி எந்த ஓயூவில் இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கணினிப் பாதி வரும், ஆள் எந்த ஓயூவில் இருக்கிறாரோ அதைப் பொறுத்துப் பயனர் பாதி வரும். ஜிபிரிசல்ட் அறிக்கையிலும் இரண்டு பாதியும் தனித்தனியாகத்தான் இருக்கும். நிர்வாகி உரிமையோடு ஓட்டாவிட்டால் கணினிப் பாதி வராது, அதையும் கவனியுங்கள்.

அடுத்த வேலை, அன்றைக்கு எடை ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது. அது தெரியாமல் தடையை எடுக்கக் கூடாது. எடைமேடை இண்டிகேட்டரில் (எடையைக் காட்டும் கருவி) இருந்து கணினிக்கு எடை எப்படி வருகிறது? சீரியல் கேபிளா?

#8 | கடைமடை | தஞ்சாவூர்

ஆமாம், இண்டிகேட்டரில் சீரியல் போர்ட். கணினியில் சீரியல் இல்லாததால் யுஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள். எடை மென்பொருளில் காம் 3 (சீரியல் போர்ட்டின் எண்) என்று வைத்திருக்கிறார்கள். யுஎஸ்பி என்பதால் என் பென் டிரைவ் தடைதான் அதையும் நிறுத்துமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் என்ஃபோர்ஸ்டு போட்டு மூன்று நாள் ஆகிறது, எடை வந்துகொண்டுதான் இருக்கிறது.

#9 | வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

நீங்கள் போட்டது சேமிப்புச் சாதனங்களுக்கான தடை. கன்வர்ட்டர் சேமிப்புச் சாதனம் இல்லை, அதனால் அதைத் தொடாது. மூன்று வருடம் முன்பு அந்தத் தடை இருக்கவும் இல்லை. டொமைன் மட்டத்தில் 'சாதனம் நிறுவுதல்' பகுதியில் ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா பாருங்கள். ஒரு சோதனை ஓயூ உண்டாக்கி, பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் இல்லாமல், உபரிக் கணினி ஒன்றை அதில் வைத்துச் செய்து பாருங்கள். கன்சோலில் இருக்கும் மாடலிங் வசதியிலும் 'இந்தக் கணினி அந்த ஓயூவில் இருந்தால் என்ன வரும்' என்று பார்க்கலாம். ஆனால் கேபிள் செருகினால் என்ன ஆகும் என்று மாடலிங் சொல்லாது. நிஜக் கேபிளோடு பாருங்கள்.

#10 | கல்லணைக்கால்வாய் | பட்டுக்கோட்டை

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே வியாதி ஃபயர்வால் பக்கத்திலும் உண்டு, பயன்படும் என்று சொல்கிறேன். நான் பார்ப்பது பாலோ ஆல்டோ ஃபயர்வால்கள், எல்லாவற்றையும் பனோரமா என்ற மைய நிர்வாகக் கன்சோலில் இருந்து நடத்துகிறோம்.

அங்கே டிவைஸ் குரூப் (ஃபயர்வால்களின் குழு) மரம் மாதிரி இருக்கும், உச்சியில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஷேர்டு. விதிகளை முன் விதி, பின் விதி என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஷேர்டு முன் விதிகள் முதலில், அப்புறம் குழுக்களின் முன் விதிகள் மேலிருந்து கீழே, நடுவில் அந்தந்த ஃபயர்வாலிலேயே எழுதிய விதிகள், கடைசியில் பின் விதிகள் கீழிருந்து மேலே. முதலில் பொருந்திய விதியே முடிவு. ஆகவே எந்தக் கிளையும் மாற்றக் கூடாததை ஷேர்டு முன் விதியில் வைப்போம். கிளை எதுவும் சொல்லாவிட்டால் இது என்பதைப் பின் விதியில் வைப்போம். கட்டாயம் எது, இயல்புநிலை எது என்று எழுதும்போதே பிரிந்துவிடுகிறது. எனக்கு அந்த அமைப்பு ரொம்பப் பிடிக்கும்.

தொல்லை டெம்ப்ளேட்டில் (நெட்வொர்க் அமைப்புகளை மேலிருந்து ஃபயர்வால்களுக்குத் தருவது) வந்தது. ஒரு கிளையில் இணையம் நின்றபோது அங்கே இருந்தவர் ஃபயர்வாலுக்குள்ளேயே போய் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) முகவரியை மாற்றியிருக்கிறார். மேலிருந்து வந்த மதிப்பின் மேல் உள்ளூர் மதிப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு வருடம் கழித்து எல்லாக் கிளைக்கும் தீய தளங்களை வடிகட்டும் டிஎன்எஸ் தள்ளினோம். பனோரமாவில் வெற்றி என்று வந்தது. அந்தக் கிளைக்கு மட்டும் போகவில்லை.

தள்ளும்போது 'ஃபோர்ஸ் டெம்ப்ளேட் வேல்யூஸ்' என்று ஒரு டிக் இருக்கிறது. உள்ளூர் மாற்றங்களை அழித்து மேல் மதிப்பை உட்கார வைக்கும். ஆத்திரத்தில் அதைப் போடாதீர்கள். வெளி இணைய முகவரியையும் உள்ளூரில் மாற்றி வைத்திருந்தால் அதுவும் போகும், கிளை அறுந்துவிடும், வண்டி எடுத்துக்கொண்டு நேரில்தான் போக வேண்டும். முதலில் ஒவ்வோர் உள்ளூர் மாற்றத்தையும் எழுதி எடுத்து, நியாயமானதை டெம்ப்ளேட் மாறியாக (கிளைக்குக் கிளை வேறு மதிப்பு கொடுக்கும் இடம்) மேலே கொண்டுவந்து, அப்புறம்தான் அந்த டிக்கைத் தொட்டேன்.

#11 | கடைமடை | தஞ்சாவூர்

கண்டுபிடித்துவிட்டேன்!

மன்னார்குடியில் இருந்து உபரிக் கேபிள் ஒன்றை வாங்கி வந்து சோதனைக் கணினியில் செருகினேன். கணினியைச் சோதனை ஓயூவுக்கு மாற்றுவதற்கு முன்பே கேபிளை நிறுவி வைத்திருந்தேன். மாற்றி, பாலிசி வந்து, ரீபூட் செய்த பிறகும் காம் 3 வேலை செய்தது. ஒன்றும் ஆகவில்லையே என்று குழம்பிப் போனேன்.

மேசையைத் துடைப்பதற்காகக் கேபிளைப் பிடுங்கி, திரும்பச் செருகும்போது பக்கத்து யுஎஸ்பி துளையில் செருகிவிட்டேன். வரவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி. உள்ளே போய்ப் பார்த்தால், இந்தச் சாதனத்தை நிறுவுவது சிஸ்டம் பாலிசியால் தடுக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி. பழைய துளையில் செருகினால் உடனே வருகிறது!

டொமைன் மட்டத்தில் ஒரு பழைய ஜிபிஓவில் 'வேறு பாலிசியில் குறிப்பிடாத எந்தச் சாதனத்தையும் நிறுவாதே' என்று போட்டிருக்கிறார்கள். எடைமேடை அண்ணனிடம் மறுபடி கேட்டேன். அன்றைக்குக் காலையில் டேபிளை நகர்த்திப் பெருக்கினார்களாம்.

#12 | வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

பிரமாதம் தம்பி. மலிவான கன்வர்ட்டர்களில் தனி வரிசை எண் இருக்காது. அதனால் வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக எடுத்துக்கொண்டு மறுபடி நிறுவப் பார்க்கும், காம் எண்ணும் மாறும். அந்தப் பாலிசி நிறுவுவதைத் தடுக்கிறது, ஏற்கெனவே நிறுவியதை விட்டுவிடுகிறது. இத்தனையும் ஒரு துடைப்பத்தில் வந்த வினை.

இப்போது வழி சுலபம். எடைமேடை ஓயூவில் ஒரு சின்ன ஜிபிஓ. அதில் ஒரே ஓர் அமைப்பு: 'இந்த ஹார்டுவேர் ஐடிக்குப் பொருந்தும் சாதனங்களை நிறுவ அனுமதி'. அதில் கன்வர்ட்டரின் ஐடியை எழுதுங்கள். மேலே இருப்பது 'குறிப்பிடாததைத் தடு', கீழே இது 'இதைக் குறிப்பிடுகிறேன்'. இரண்டும் வேறு வேறு அமைப்பு என்பதால் மோதாது, சேர்ந்து வேலை செய்யும். அப்புறம் பிளாக் இன்ஹெரிட்டன்ஸை எடுத்துவிடலாம்.

மூன்று ஆலையிலும் ஒரே கேபிள் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்து ஐடி மாறும். எஃப்டிடிஐ சிப் என்றால் விற்பனையாளர் எண் 0403, பொருள் எண் பெரும்பாலும் 6001. சிஹெச்340 என்றால் பொருள் எண் 7523. புரோலிஃபிக் என்றால் 2303. ஒவ்வோர் ஊரிலும் டிவைஸ் மேனேஜரில் இருந்து அப்படியே நகலெடுங்கள். பீரோவில் கிடக்கும் மாற்றுக் கேபிளின் ஐடியையும் சேருங்கள். அறுவடை நடுவில் கேபிள் போனால் அந்த மாற்றுக் கேபிளைத்தான் செருகுவார்கள்.

ஜிபிஓவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. 'டெஸ்ட் 2', 'புதியது' என்றெல்லாம் வைக்காதீர்கள். 'விலக்கு – எடைமேடை – சீரியல் கன்வர்ட்டர்' என்று வையுங்கள். கமென்ட் பகுதியில் ஏன், யார் கேட்டார்கள், என்றைக்கு, எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். உங்களுக்கு முன் இருந்தவர் அந்த இரண்டு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு இந்த மூன்று வாரம் மிச்சம்.

#13 | மதகடி | மயிலாடுதுறை

ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கே எல்லாவற்றையும் என்ஃபோர்ஸ்டு போட்டிருந்தால் அந்தச் சாதனக் கட்டுப்பாடும் இறங்கி, லாரி வரிசை மறுபடி ரோட்டுக்கு வந்திருக்கும். எங்கள் இடத்திலும் என்ஃபோர்ஸ்டு பட்டியலை எடுத்துப் பார்த்தேன், 11 இருக்கிறது. எதற்கு என்று எனக்கே மூன்றுக்குக் காரணம் நினைவில்லை. இந்த வாரம் உட்கார்ந்து பிரிக்கப் போகிறேன்.

எனக்கும் ஒரு கேள்வி. கணக்குப் பிரிவு ஓயூவில் மட்டும் 14 எழுத்துக் கடவுச்சொல் என்று பாலிசி போட்டேன். எல்லோரும் 8 எழுத்தே வைக்கிறார்கள், தடுக்கவில்லையே?

#14 | உப்பளம் | வேதாரண்யம்

டொமைன் கணக்குகளுக்கான கடவுச்சொல் விதி டொமைன் மட்டத்தில் இருந்து மட்டும்தான் எடுக்கும். ஓயூவில் போட்டால் அந்த ஓயூவில் இருக்கும் கணினிகளின் உள்ளூர்க் கணக்குகளுக்கு மட்டும் பொருந்தும். ஒரு பிரிவுக்கு மட்டும் வேண்டுமென்றால் சர்வர் 2008 முதல் வந்த ஃபைன் கிரெய்ன்டு பாஸ்வேர்டு பாலிசி இருக்கிறது. அதை ஓயூவுக்குக் கொடுக்க முடியாது, ஆளுக்கோ குளோபல் செக்யூரிட்டி குரூப்புக்கோ கொடுக்க வேண்டும்.

கடைமடை தம்பிக்கு இன்னொன்று. தடையை எடுத்துவிட்டு உடனே எல்லாக் கணினிக்கும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாகவும் ஆகலாம், கணினி போய்க் கேட்கும். அணைத்து வைத்திருந்தால் போட்ட பிறகுதான். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கரையை அடித்தபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்து கணினிகளை எழுப்பிய நாளில் எல்லாம் பழைய பாலிசியோடுதான் எழுந்தன. 30 நாள் தாண்டினால் டொமைன் உறவு அறுந்துவிடும் என்று சொல்லிப் பயமுறுத்தினார்கள். அறுந்துவிடவில்லை. கணினிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவது கணினியே செய்யும் வேலை, அது எழுந்து வந்து மாற்றிக்கொண்டது. பழைய இமேஜை (முழு டிஸ்க்கின் நகல்) ரீஸ்டோர் செய்த இரண்டுதான் அறுந்தன.

அப்புறம், மொபைல் இணைய டாங்கிளில் ஓடும் கிளை இருந்தால்: இணைப்பு 500 கேபிபிஎஸுக்குக் கீழே போனால் விண்டோஸ் அதை மெதுவான இணைப்பாக எடுத்துக்கொள்ளும். மென்பொருள் நிறுவுவது போன்றவை வராது. பாதுகாப்பு அமைப்புகள் வந்துவிடும், கவலை வேண்டாம்.

#15 | கடைமடை | தஞ்சாவூர்

மன்னார்குடியில் முதலில் செய்தேன். தடையை எடுத்து, விலக்கு ஜிபிஓ போட்டு, ரீபூட் செய்து, கேபிளை இருக்கிற நான்கு யுஎஸ்பி துளைகளிலும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். நான்கிலும் நிறுவியது. காம் எண் மாறியதை டிவைஸ் மேனேஜரில் காம் 3க்கே திரும்ப மாற்றி வைத்தேன். மேடையில் ஒரு டிராக்டரை ஏற்றிப் பார்த்தோம், எடை வந்தது. அறிக்கையில் 9 ஜிபிஓ வந்திருக்கிறது. முன்பு, என்ஃபோர்ஸ்டு போட்ட பென் டிரைவ் ஜிபிஓவைத் தவிர, டொமைனில் இருந்து ஒன்றுகூட வரவில்லை.

வந்த பிறகு பார்த்தால், மூன்று எடைமேடைக்கும் உள்ளூர் நிர்வாகி கடவுச்சொல் ஒன்றே. விண்டோஸ் லாப்ஸ் பாலிசி (ஒவ்வொரு கணினிக்கும் தனி நிர்வாகி கடவுச்சொல் வைப்பது) அலுவலகக் கணினிகளில் எப்போதோ போட்டது, இங்கே வந்ததே இல்லை. இப்போது மன்னார்குடிக்குத் தனிக் கடவுச்சொல் வந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் ஓர் ஆலை அறிக்கை ஃபோல்டர் காட்டும் பயனர் ஜிபிஓ போட்டேன். செக்யூரிட்டி ஃபில்டரில் (ஜிபிஓ யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியல்) இருந்து 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' (டொமைனில் உள்நுழைந்த எல்லோரும், கணினிகளும் சேர்த்து) எடுத்துவிட்டு மேற்பார்வையாளர் குழுவை மட்டும் வைத்தேன். யாருக்குமே வரவில்லை.

#16 | வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 என்ற விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பயனர் ஜிபிஓவையும் கணினிதான் தன் கணக்கில் போய்ப் படிக்கிறது. கணினிக்குப் படிக்க உரிமை இல்லையென்றால் ஆளுக்கு இருந்தும் பயனில்லை. ஜிபிஓவின் டெலிகேஷன் (உரிமைகள்) பகுதியில் 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். 'அப்ளை' கொடுக்க வேண்டாம்.

இதே ஃபில்டரில் கணினிக் குழு வைத்தால், குழுவில் சேர்த்த கணினியை ஒரு தடவை ரீபூட் செய்யுங்கள். அதற்கு முன்பு அதற்கே தான் குழுவில் இருப்பது தெரியாது.

#17 | கடைமடை | தஞ்சாவூர்

வந்துவிட்டது அண்ணே, படிக்கும் உரிமை கொடுத்ததும் வந்துவிட்டது.

திரைப் பூட்டு பற்றியும் கேட்க வேண்டும். எடை போடும்போது லாரியை மேடையில் நிறுத்தி ரசீது சரிபார்க்கப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகிறது. திரை பூட்டிக்கொள்கிறது. அந்தக் கணினியில் மட்டும் முப்பது நிமிடம் வேண்டும் என்கிறார்கள். ஆனால் அது பயனர் அமைப்பு, அதே ஆட்கள் அலுவலகக் கணினியிலும் உட்காருகிறார்கள்.

#18 | வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

இரண்டு வழி. லூப்பேக் பிராசஸிங் போட்டால் எந்த ஆள் உட்கார்ந்தாலும் அந்தக் கணினி ஓயூவின் பயனர் அமைப்பும் சேர்ந்து வரும். 'மெர்ஜ்' வைத்தால் ஆளுடையது முதலில், கணினியுடையது அதன் மேல், மோதினால் கணினியுடையது நிற்கும். 'ரீபிளேஸ்' வைத்தால் ஆளுடையது வரவே வராது. அது இன்னொரு வகை பிளாக் இன்ஹெரிட்டன்ஸ், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று, 'மெஷின் இனாக்டிவிட்டி லிமிட்' என்று விண்டோஸ் 8 முதல் கணினி அமைப்பாகவே ஒரு பூட்டு இருக்கிறது, நொடிக் கணக்கில். ஆனால் உங்கள் பத்து நிமிட ஸ்கிரீன் சேவர் இருக்கும்வரை எது முன்னால் வருகிறதோ அதுதான் பூட்டும். காலப்போக்கில் திரைப் பூட்டை முழுக்கக் கணினிப் பக்கம் மாற்றிவிட்டால் லூப்பேக் வேண்டியதில்லை. இப்போதைக்கு மெர்ஜ் போதும். முப்பது நிமிடம் அதிகம், ரோட்டோரம் திறந்த அறை அது. பதினைந்து கொடுத்துப் பாருங்கள்.

#19 | கடைமடை | தஞ்சாவூர்

பதினைந்து கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

திருத்துறைப்பூண்டியும் முடிந்தது. அங்கே கேபிள் வேறு சிப், அண்ணன் சொன்ன மாதிரியே. ஐடியைச் சேர்க்காமல் போயிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். நாகப்பட்டினம் 'பழையது' ஓயூவில் இரண்டு கணினிகளுக்கும் எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. தடையை எடுத்து ஒரு வாரம் கவனித்தேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஓயூவையே நீக்கிவிட்டேன். பென் டிரைவ் ஜிபிஓவில் போட்ட என்ஃபோர்ஸ்டை இன்னும் எடுக்கவில்லை.

காரணம் கும்பகோணம். அங்கே எடைமேடை கணினி விண்டோஸ் 7. எடை மென்பொருள் அதற்கு மேல் ஓடாது என்கிறார்கள். 2020 ஜனவரி 14ஓடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. எந்தப் பாலிசி போய்ச் சேர்ந்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. அதைத் தனி ஓயூவில் வைத்து, கல்லணைக்கால்வாய் சாரிடம் கேட்டு ஃபயர்வாலில் எடை சர்வரோடு மட்டும் பேசுகிற மாதிரி முன் விதி எழுதப் போகிறேன். விலக்கு ஜிபிஓவின் கமென்ட்டில் 'மென்பொருள் மாறும்வரை, ஆடிப்பெருக்குக்கு முன் திரும்பப் பார்க்க' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

#20 | கல்லணைக்கால்வாய் | பட்டுக்கோட்டை

தனியே செய்தி அனுப்புங்கள். விதி எழுதுவதற்கு முன்பு அந்தக் கணினி இப்போது எந்தெந்த முகவரியோடு பேசுகிறது என்று ஒரு வாரம் பதிவு எடுத்து வையுங்கள். எடை சர்வர் ஒன்றுதான் என்று நினைப்போம், ரசீது பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கும்.